வேலூரில் சிலம்பம் கற்கத் தொடங்குகிறவர்களுக்கு: வாத்தியார் காட்டுவார், மீதி நம் பொறுப்பு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில் மகளைச் சிலம்ப வகுப்பில் சேர்க்கப் போனேன். அடுத்த வாரமே நானும் கம்பு எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது 11 வயது, எனக்கு 38. வீடு சத்துவாச்சாரியில், வேலை காட்பாடியில். முதல் எட்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் தவறாமல் போனோம். அந்த எட்டு மாத முடிவில் என் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது; கால் வரிசை, அதாவது அடிவைத்து நகரும் முறை, ஒன்றுகூடப் படியவில்லை. மகளைப் போட்டிக்குப் பெயர் கொடுக்க அழைத்துப்போன இடத்தில், சான்றிதழ்களில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வாத்தியார் சரியில்லை என்று முடிவுசெய்து வகுப்பை மாற்றினேன். புது வாத்தியாரிடமும் அதே இடத்தில்தான் நின்றேன்.

நான் செய்ய வேண்டிய வேலையை யாராவது செய்து தருவார்கள் என்று இருந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வகுப்புக்குப் போவதையே கற்பது என்று நினைத்திருந்தேன். நீங்கள் அந்த எட்டு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதிலுள்ள தொகைகள் எல்லாம் நாங்கள் கொடுத்த தொகைகள். உங்கள் பகுதியில் கூடக் குறைய இருக்கும்.

1. எதற்காகச் சேருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

உடம்புக்காகவா, போட்டிக்காகவா, திருவிழாவில் ஆடவா, பிள்ளைக்கு அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கவா? நான்குக்கும் ஒரே வகுப்பு பொருந்தாது. அலங்காரச் சிலம்பத்துக்குப் பேர்போன இடத்தில் போய்த் தொடு போட்டிக்கு (எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுப்பது) தயாராக முடியாது. எழுதிய வரியை வாத்தியாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மனம் மாறினால் அதையும் சொல்லுங்கள்.

2. எப்போது சேருவது, எங்கே பார்ப்பது

ஜூனில் பள்ளி திறக்கும்போதும் விஜயதசமியன்றும் கூட்டம் அதிகம். விஜயதசமியில் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்சிணை வைத்துத் தொடங்குவது அழகான வழக்கம்தான். ஆனால் அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். திறந்த மைதானத்தில் நடக்கும் வகுப்பு பாதி நாள் இருக்காது. என்னைக் கேட்டால் பெரியவர்கள் தை மாதத்தில் தொடங்குவது நல்லது. காலையில் குளிர் இருக்கும், வெயில் ஏறுவதற்குள் மூன்று மாதப் பயிற்சி கையில் இருக்கும். மே மாதத்து 15 நாள் கோடை முகாமை நம்பிச் சேராதீர்கள். பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும், அவ்வளவே.

வேலூரில் வகுப்புகள் பெரும்பாலும் பள்ளி மைதானங்களிலும் கோயில் எதிரேயுள்ள வெட்டவெளியிலும் மொட்டை மாடிகளிலும் நடக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள். காலை 5:30 மணிக்கு நேரில் போய் மூன்று வகுப்புகளையாவது முழுதாக உட்கார்ந்து பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்ப்பதைவிட இரண்டு மூன்று வருடம் பழகியவர்களின் கால்களைப் பார்ப்பது பயன் தரும். அவர்கள் இடக்கையிலும் சுற்றுகிறார்களா? சிறு பிள்ளைகளுக்கு இடையே கம்பு மோதாத அளவு இடம் விட்டிருக்கிறதா? தவறு செய்த பையனை வாத்தியார் என்ன செய்கிறார்? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா? இவற்றைப் பார்த்தபிறகு கட்டணம் கேளுங்கள்.

கட்டணத்தைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம், சீருடை, பட்டைத் தேர்வு (பெல்ட் டெஸ்ட்), போட்டி நுழைவு, வெளியூர்ப் பயணம். நாங்கள் இப்போது ஆளுக்கு மாதம் 600 ரூபாய் கொடுக்கிறோம். முதல் வகுப்பில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டினேன். இரண்டாம் முறை கட்டிய இரண்டே மாதத்தில் வகுப்பை மாற்றினேன், பணம் திரும்பவில்லை. சலுகை எவ்வளவு சொன்னாலும் மாதாமாதம் மட்டும் கட்டுங்கள், ரசீது கேளுங்கள்.

3. ஆவணங்களை முதல் மாதமே ஒரு கோப்பில் சேருங்கள்

வகுப்பில் சேர ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் போதும் என்பார்கள். போட்டி என்று வரும்போதுதான் மற்றவை தேவைப்படும். அப்போது பெரும்பாலும் நான்கு நாள் அவகாசம்கூட இருக்காது. இவற்றைத் தயாராக வைத்திருங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியில் படிப்பதற்கான சான்று, பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், மருத்துவரின் உடற்தகுதிச் சான்று, பெற்றோர் ஒப்புதல் கடிதம். உடற்தகுதிச் சான்றை மட்டும் போட்டிக்கு முந்தைய வாரம் வாங்குங்கள், பழையதை ஏற்க மாட்டார்கள்.

எங்களைத் தடுத்தது இனிஷியல். மகளின் ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் இருந்தது, பள்ளிப் பதிவில் முன்னால், பிறப்புச் சான்றிதழிலோ பெயரே இல்லை. ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. பிறந்ததும் வாங்கி பீரோவில் வைத்ததை நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. பெயரைப் பிறப்பைப் பதிவுசெய்த அலுவலகத்தில்தான் சேர்க்க வேண்டும். ஓராண்டுக்குள் கட்டணம் இல்லை, அதன்பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எனக்கு மூன்று முறை நடையும் ஐந்து வாரமும் ஆயின. இன்றிரவே உங்கள் பிள்ளையின் மூன்று ஆவணங்களையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எதைத் திருத்துவது என்று குழப்பம் வந்தால், பள்ளிப் பதிவை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்துவரச் செய்வது சுலபம்.

மாவட்டமும் ஒரு சிக்கல். 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பிள்ளைகள் ராணிப்பேட்டையிலும், ஆம்பூர், வாணியம்பாடி பிள்ளைகள் திருப்பத்தூரிலும்தான் பெயர் கொடுக்க வேண்டும். பழைய ஆவணத்தில் ‘வேலூர் மாவட்டம்’ என்று இருந்தால் கவலை வேண்டாம்; படிவத்தை நிரப்பும்போது மட்டும் இப்போதைய மாவட்டத்தை எழுதுங்கள். எந்த மாவட்டம் என்பதில் ஐயம் வந்தால் படிவத்தை அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வகுப்பு வேலூரில் நடக்கிறது, வீடோ பள்ளியோ எல்லைக்கு அப்பால் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

4. கம்பை நீங்களே தேர்ந்தெடுங்கள்

தரையில் ஊன்றினால் நெற்றிக்கு வர வேண்டும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஐந்தரை அடி. பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும், விலை கூடியதை வாங்காதீர்கள். மகளின் கம்பு 120 ரூபாய், என்னுடையது 200.

முதலில் ஏணியும் பந்தல் காலும் விற்கும் மூங்கில் கடையில் பார்வைக்குப் பளபளப்பாக இருந்த ஒன்றை எடுத்துவந்தேன். ஈரம் காயாத மூங்கில். இரண்டு மாதத்தில் வில்லாக வளைந்து, கணுவுக்கு மேல் வெடித்துவிட்டது. இரண்டாம் முறை இப்படிப் பார்த்து வாங்கினேன்: ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து அடிவரை பார்வையை ஓடவிட வேண்டும். சிமெண்டுத் தரையில் உருட்ட வேண்டும். வளைவு இருந்தால் தத்தித் தத்தி ஓடும். அடியைத் தரையில் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சலசலத்தால் உள்ளே விரிசல். பிறகு உள்ளங்கையை மெதுவாக நீளவாக்கில் ஓட்டுங்கள், சிலாம்பு குத்துகிறதா என்று தெரியும். கணுக்கள் நெருக்கமாக, உள்ளே பொள்ளல் குறைவாக இருக்கிற கல் மூங்கில் நல்லது. கட்டைவிரல் நகமும் நடுவிரலும் தொட்டுக்கொள்ளும் பருமன் போதும்.

வீட்டுக்கு வந்ததும் கணுக்களை உப்புத்தாளால் தேய்த்து நல்லெண்ணெய் பூசி இரண்டு நாள் நிழலில் படுக்கவையுங்கள். மாதம் ஒருமுறை எண்ணெய் போடுங்கள். சுவரில் சாய்த்தே வைத்திருந்தால் வளையும். மாடி வெயிலில் விட்டால் வெடிக்கும். இந்தப் பராமரிப்பை நான் பெரிய விஷயமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துடைத்து எண்ணெய் போடும்போதுதான் கம்பின் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று கண்ணில் படுகிறது. என் கம்பில் வலக்கைப் பிடி மட்டும் கறுத்து மின்னியது, இடக்கைப் பக்கம் புதிதாகவே கிடந்தது. நான் எதைப் பழகவில்லை என்பதைக் கம்பே காட்டிக்கொடுத்தது.

டவுன் பஸ்ஸில் கொண்டுபோகும்போது இரு முனையிலும் துணி சுற்றி நிமிர்த்திப் பிடியுங்கள். இருசக்கர வண்டியில் குறுக்காகக் கட்டாதீர்கள். முடிந்தால் ஒன்றை வகுப்பிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் உலோகப் பூண் போட்ட கம்பு முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம்.

5. முதல் மூன்று மாதம் காலுக்கு

கம்பு சுற்றத் தொடங்கிய பத்தாம் நாளே அது கையில் காற்றைக் கிழித்துக்கொண்டு சுழலும். பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். நான் அங்கேயே தேங்கிப்போனேன். இரண்டாவது வாத்தியார் ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கம்பு நன்றாகச் சுற்றுகிறது அம்மா. நீங்கள்தான் நகரவே இல்லை.” முதல் வாத்தியாரும் இதையேதான் வேறு சொற்களில் பலமுறை சொல்லியிருந்தார். அன்று நான் காதில் வாங்கவில்லை.

கம்பை ஓரமாக வைத்துவிட்டு மூன்று வாரம் வெறும் காலடி மட்டும் நடந்தேன். வீட்டு மாடியில் செய்த முறை இது. கோலப்பொடியால் கால் வைக்க வேண்டிய இடங்களில் புள்ளி வையுங்கள். 20 நிமிடம் அந்த வரிசையை நடந்துவிட்டுப் புள்ளிகளைக் குனிந்து பாருங்கள். கால் சரியாக ஊன்றிய இடத்தில் புள்ளி அமுங்கி அப்படியே இருக்கும். இழுத்து வைத்த இடத்தில் வாலாக நீளும். சில புள்ளிகள் தொடப்படாமலே கிடக்கும். எனக்கு இடப்பின்னால் வைத்த புள்ளி மூன்று நாளும் கலையாமல் இருந்தது. பின்வாங்கும்போது என் இடக்கால் அரையடி குறைவாகவே போயிருக்கிறது. வகுப்பில் 25 பேரைப் பார்க்கிற வாத்தியாரால் அந்த அரையடியை எத்தனை முறை சொல்ல முடியும்?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் வருகிறது. ஊர்வலத்தில் சிலம்பம் ஆடுகிறவர்களைப் போய்ப் பாருங்கள். நெருக்கும் கூட்டத்தில், கிடைக்கிற ஆறடி இடத்துக்குள் வயதானவர்கள் எப்படித் திரும்புகிறார்கள் என்று கால்களை மட்டும் கவனியுங்கள். நான் அதற்காகவே போய்வந்தேன்.

கால் வரிசைகளின் பெயரும் எண்ணிக்கையும் வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். யூடியூபில் வேறொரு மரபின் வரிசையைப் பார்த்துவந்து கலக்காதீர்கள், இரண்டும் கெடும்.

6. நோட்டு ஒன்று போடுங்கள்

செலவு 30 ரூபாய். எட்டு மாதத்தில் கிடைக்காதது எனக்கு இதற்குப் பின்தான் கிடைத்தது. ஒவ்வொரு வகுப்பு முடிந்த அன்றிரவும் நான்கு வரி: இன்று என்ன காட்டினார், எனக்கு எது வந்தது, எது வரவில்லை, கேட்க வேண்டியது என்ன. காலடியை அம்புக்குறி போட்டு வரையுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் பாதி மறந்துவிடும்.

வகுப்பில்லாத நாட்களில் 20 நிமிடம். ‘எது வரவில்லை’ என்று எழுதியதை மட்டும் எடுங்கள். வருவதையே திரும்பத் திரும்பச் செய்வது சுகமாக இருக்கும். அதில் வளர்ச்சி இல்லை. இடக்கையில் தொடங்கி வலக்கையில் முடியுங்கள். மாதத்தின் முதல் நாள் ஒரே இடத்தில் கைபேசியை வைத்து ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். மூன்று மாதப் பதிவுகளை வரிசையாகப் பார்த்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் நோட்டை நீங்கள் எழுதாதீர்கள். ஒரு மாதம் நான் அழகாக எழுதிக்கொடுத்தேன். அந்த மாதம் அவள் ஒன்றையும் நினைவில் வைக்கவில்லை, “அம்மா எழுதியிருப்பார்கள்” என்றாள். இப்போது கோணல்மாணலாக அவளே எழுதுகிறாள். ‘திரும்பும்போது பயம்’ என்று ஒருநாள் எழுதியிருந்தாள். எனக்கும் வாத்தியாருக்கும் அதுவரை தெரியாத செய்தி அது.

7. வாத்தியாரிடம் கேட்கும் முறை

வகுப்பின் நடுவில் நிறுத்திக் கேட்காதீர்கள். முடிந்ததும் வணக்கம் சொல்லி ஒரே ஒரு கேள்வி. வாயால் விளக்காமல் செய்து காட்டி, “இந்த இடத்தில் தடுமாறுகிறேன், பாருங்கள் ஐயா” என்று கேளுங்கள். “அடுத்தது எப்போது?” என்று கேட்கிறவருக்கு அடுத்தது கிடைக்கும், ஆனால் முந்தையது அரைகுறையாகவே நின்றுவிடும். சுருள்வாளும் (வளைந்து சுருளும் தகட்டு வாள்) தீப்பந்தமும் நீங்களாகக் கேட்க வேண்டியவை அல்ல. வராத நாளில் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள்.

சரி, எப்போதுதான் வாத்தியாரை மாற்றுவது? காயம்படும்படி அடிக்கிறார், பிள்ளைகளிடம் தகாத முறையில் நடக்கிறார், பணக்கணக்கு சொல்ல மறுக்கிறார் என்றால் அன்றே விலகுங்கள். இதில் பொறுமை கூடாது. உங்களுக்கு வளர்ச்சி இல்லை என்பது மட்டும் காரணமென்றால், நோட்டை மூன்று மாதம் எழுதிவிட்டு அதன்பிறகு முடிவுசெய்யுங்கள்.

8. வெயிலும் உடம்பும்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை 6:30க்குள் முடித்துவிடுங்கள், மாலையில் மாடித்தரை ஆறும்வரை வெறுங்காலோடு ஏறாதீர்கள். தொடங்குவதற்கு அரை மணி முன்பே தண்ணீர், முடிந்ததும் உப்புப் போட்ட மோர்.

மணிக்கட்டு வலி பெரும்பாலும் கம்பை இறுக்கிப் பிடிப்பதால் வருகிறது. வலித்தால் அன்று நிறுத்துங்கள்; வீக்கம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு இரண்டு வாரம் சுற்றியதற்கு நான் ஐந்து வார ஓய்வும் மருத்துவச் செலவும் கொடுத்தேன். வளையல், மோதிரம், தொங்கும் கம்மல் வீட்டிலேயே இருக்கட்டும். கண்ணாடி போடுபவர்கள் பின்கயிறு கட்டுங்கள். இரத்த அழுத்தம், வீசிங், பழைய அறுவை சிகிச்சை எதுவானாலும் வாத்தியாருக்கு முதல் நாளே தெரிய வேண்டும். சுற்றும்போது நாற்புறமும் எட்டடி காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் சுற்றுகிறவரின் வேலைதான்.

9. போட்டியும் சான்றிதழும்

ஓராண்டுக்கு முன் போக வேண்டாம் என்பது என் கருத்து. போவதானால் முதலமைச்சர் கோப்பை, பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகள் ஆகியவற்றைக் கவனியுங்கள். முதலமைச்சர் கோப்பைக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு, மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவுக்குப் போகும். தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியிலும் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. இதனால் பெற்றோரின் ஆசையும் கூடியிருக்கிறது, அந்த ஆசையை வைத்துப் பணம் பார்ப்பவர்களும் கூடியிருக்கிறார்கள்.

எந்தப் போட்டிக்கும் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இதன் சான்றிதழ் அரசு ஒதுக்கீட்டுக்கான படிவத்தில் கிடைக்குமா, யார் கையெழுத்திடுவார்? “சர்வதேசப் போட்டி”, “உலக சாதனை” என்று அழைத்தார்கள் என்று நுழைவு, சீருடை, பயணம் எல்லாமாக 4,500 ரூபாய் செலவிட்டோம். கிடைத்தது கோப்பையும் படமும். பிள்ளைக்கு மேடை அனுபவம் போதும் என்றால் போகலாம். ஒதுக்கீட்டை நினைத்துப் போகாதீர்கள். மணிக்கணக்கில் ஓய்வின்றிச் சிறுபிள்ளைகளைச் சுற்றவைக்கும் நிகழ்ச்சிகளுக்கு அனுப்பவே வேண்டாம். வளரும் மூட்டு அது.

சான்றிதழ் கையில் கிடைத்ததும் மேடையை விட்டு இறங்கும் முன்பே பெயர், இனிஷியல், பிறந்த தேதி, வயதுப் பிரிவு, முத்திரை ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்துவது பத்து நிமிட வேலை, பிறகு என்றால் மாதக்கணக்கில் அலைய வேண்டும். அசலை லேமினேஷன் செய்யாதீர்கள். சரிபார்ப்பில் பின்பக்கம் முத்திரை வைக்க இடம் வேண்டும். இரண்டு நகல் எடுத்து ஒன்றைக் கோப்பில் போடுங்கள், இன்னொன்றைப் பிள்ளையின் நோட்டில் அந்த நாளின் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்திலும் ‘எது வரவில்லை’ என்ற வரியை அவள் நிரப்பட்டும்.